காதல் ஆபீஸில் ஒரு சிறுநீரகம்

பலிகோவாவுக்கும் அவன் மனைவி ககோயாவுக்கும் கல்யாணமான நாளிலிருந்து எதிலும் ஒத்துப்போனதில்லை. நமுவோங்கோவில் ரயில் பாதையை ஒட்டி அவர்கள் நடத்திய சுட்ட ஆட்டிறைச்சிக் கடைக்கு வந்தவர்களில் பாதிப் பேர் இறைச்சிக்காக வந்தவர்கள். மீதிப் பேர் அந்தச் சண்டையைக் கேட்க வந்தவர்கள். ஆகவே ககோயாவின் சிறுநீரகங்கள் இரண்டும் ஓய்ந்துபோய், பெரிய ஆஸ்பத்திரியில் வந்த உறவினர் எல்லோருடைய ரத்தத்தையும் எடுத்துப் பார்த்து, பொருந்துவது பலிகோவாவினுடையது மட்டும்தான் என்று டாக்டர் சொன்னபோது அவள் நம்பவில்லை.

"சரியாப் பாத்தீங்களா டாக்டர்? இந்த ஆளோட ரத்தமா என்னோட சேருது?"

"அழகாச் சேருதும்மா."

"அப்ப இத்தன வருஷமா உள்ளுக்குள்ள ஒத்துப்போயிட்டு வெளிய வம்பு பண்ணியிருக்கான்."

பலிகோவா சட்டையைத் தூக்கி இடுப்பைக் காட்டினான். "எந்தப் பக்கம் வேணும்னு சொல்லுங்க. நானே வெட்டுற தொழில்ல இருக்கறவன். எனக்குப் பயமில்ல."

டாக்டர் சின்னப் பையன். சந்தோஷமாகச் சிரித்தவன், ஏதோ ஞாபகம் வந்து சிரிப்பை நிறுத்திக்கொண்டான். கூடப் பிறந்தவர்கள், பெற்றவர்கள், பிள்ளைகள் கொடுத்தால் தொந்தரவில்லை. ககோயாவின் அக்காள் ரத்தம் பொருந்தவில்லை. தம்பி விஷயம் கேட்டதும் போனை அணைத்துவிட்டான். பிள்ளைகள் பிறக்கவே இல்லை. ரத்த உறவு அல்லாதவர் கொடுப்பதானால், பணத்துக்காக விற்கவில்லை, காதலால்தான் கொடுக்கிறார் என்று அரசாங்கம் உறுதி செய்துகொள்ள வேண்டும். ஏழைகளின் சிறுநீரகத்தைப் பணக்காரர்கள் வாங்கித் தின்கிறார்கள் என்று பத்திரிகைகள் கூச்சல் போட்டதன்பேரில் வந்த சட்டம். நல்ல சட்டம்.

"காதலா?" என்றான் பலிகோவா. "அவ என் பொண்டாட்டிங்க."

"அது அவங்களுக்குப் பத்தாது" என்றான் டாக்டர்.

அவர்கள் என்றது பிணைப்பு உறுதிப்பாட்டு நிறுவனத்தை. மலைமேல், ஏரி தெரிகிற இடத்தில், கண்ணாடிக் கட்டடம். பெயரை முழுசாகச் சொல்ல நேரமில்லாத மோட்டார் சைக்கிள் ஓட்டிகள் அதைக் காதல் ஆபீஸ் என்பார்கள். "காதல் ஆபீஸா? ஏறிக்கங்க. திரும்பி வரும்போது அழுதுக்கிட்டு வந்தாலும் அதே காசுதான்."

நிறுவனத்தின் தலைவர் பேராசிரியர் கஹாங்கிரே, புதிதாக வருபவர்களை மண்டபத்தில் உட்காரவைத்துத் தாமே வரவேற்பார். நெடிய மனிதர். வெள்ளைக் கோட்டின் பையில் வெள்ளிப் பேனா. குரல் தேன்.

"அன்பர்களே! காதல் என்று ஒன்று கிடையாது. மூளையில் சுரக்கும் சில சாறுகள் உண்டு. அவ்வளவுதான். கவிஞர்கள் உங்களை ஏமாற்றினார்கள். பாதிரிமார்கள் ஏமாற்றினார்கள். உங்கள் மாமியார்களும் ஏமாற்றியிருக்கலாம். இந்த நிறுவனம் ஏமாற்றாது. சாறு போதிய அளவு இருந்தால் சான்றிதழ் உண்டு. இல்லையென்றால், நீங்கள் உங்களைப் பற்றி என்ன நினைத்துக்கொண்டிருந்தாலும் சரி, நீங்கள் காதலிக்கவில்லை."

பலிகோவா கையைத் தூக்கினான். குதர்க்கம் பேச அல்ல. அவனுக்கு நிஜமாகவே புரியவில்லை.

"அய்யா, அது கிடையாதுன்னு சொல்றீங்க. அப்பறம் அது இருக்கான்னு எங்கிட்ட தேடுறீங்களே?"

பேராசிரியர் குழந்தையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "நல்ல கேள்வி. சட்டம் எழுதினவங்க விஞ்ஞானிங்க இல்ல. அவங்க காதல் இருக்குன்னு நம்புறாங்க. நாங்க நம்பல. ஆனா நம்புறவங்கதான் எங்களுக்குக் கட்டடம் கட்டித் தந்திருக்காங்க."

மண்டபத்தில் சிலர் கை தட்டினார்கள். தட்டினால் சாறு ஏறும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

முதலில் ரத்தம் எடுத்தார்கள். முடிவைச் சொன்னவள் பிணைப்பு அலுவலர் மேடம் பிரிஸ்கா. துக்கச் செய்தி சொல்கிறவளின் மெல்லிய குரலில் பேசப் பயிற்சி பெற்றவள். மதியச் சாப்பாட்டையும் அதே குரலில்தான் வரவழைப்பாள்.

"உங்களுக்குக் காதல் தீர்ந்துபோச்சு, பலிகோவா."

"எப்ப மேடம்?"

"கல்யாணமாகி எவ்வளவு காலம் ஆச்சு?"

"வெள்ளிவிழா கொண்டாடுற வயசு."

"அதான். இந்தச் சாறு ரெண்டு வருஷத்துல வத்திடும். நீங்க ரொம்பத் தாமதமா வந்திருக்கீங்க."

"அப்ப அவ கிட்னி நல்லாத்தான் மேடம் இருந்துச்சு."

"அதுக்கு நிறுவனம் பொறுப்பில்ல."

அவனுக்கு முன்னால் வந்திருந்தவர் ஒரு சர்க்கரை ஆலை முதலாளி. பழுத்த கிழவர், சக்கர நாற்காலி. கூட, அவருக்குச் சிறுநீரகம் கொடுக்க ஒரு பெண். போன மாதம்தான் அவரை முதன்முதலாகப் பார்த்தாளாம், வடக்கே ஏதோ கிராமம். நகத்தைக் கடித்துக்கொண்டு, உள்ளங்கை வேர்த்து வழிய உட்கார்ந்திருந்தாள். கண்ணாடி போட்ட ஒரு தரகன் அவள் தோளில் கை வைத்துக்கொண்டு நின்றான். கருவிகளைப் பொருத்தியதும் எல்லா விளக்கும் பச்சையாக எரிந்தது. நெஞ்சுப் படபடப்பு, வேர்வை, உலர்ந்த வாய், விரிந்த கண்மணி, சாப்பாட்டில் விருப்பமின்மை, தூக்கமின்மை. காதலின் அறிகுறிகள் ஒன்று விடாமல் இருந்தன. பேராசிரியர் தாமே எழுந்து வந்து அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "இந்த ஆண்டில் நான் பார்த்த மிகத் தூய காதல்" என்றார். அந்தப் பெண் வாய்விட்டு அழுதாள். அதையும் குறித்துக்கொண்டார்கள்.

பலிகோவாவுக்கு ஒரு வாய்ப்புத் தரலாம் என்று பிரிஸ்கா பரிந்துரைத்தாள். வற்றிய சாற்றை ஊறவைக்கப் பயிற்சிகள் உண்டு. கணவனும் மனைவியும் எதிரெதிரே உட்கார்ந்து பேசாமல் கண்ணுக்குள் கண் பார்க்க வேண்டும். டயாலிசிஸ் முடிந்து துவண்ட ககோயாவை மலைமேல் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். கால் இரண்டும் வீங்கி, செருப்பு நுழையவில்லை. முகத்தின் கறுப்பு சாம்பல் பூத்திருந்தது. வாய் மட்டும் பழைய வாய்.

"என்னடா பாக்கற? சந்தையில ஆட்டைப் பாக்கற மாதிரி?"

"பாக்கச் சொல்லியிருக்காங்க. பேசாம இரு."

"எத்தன கிலோ தேறும்னு கணக்குப் போடுறியா?"

"உன்ன யாரு வாங்குவா. எலும்புதான் இருக்கு."

"அம்மா, பேசக் கூடாது" என்றாள் பிரிஸ்கா. "இப்ப அவரை ஒரு செல்லப் பேர் சொல்லிக் கூப்பிடுங்க."

"செல்லப் பேரா? கல்யாணத்தன்னைக்கே வச்சிருக்கேன். ஆனா இங்க சொல்லுற மாதிரி இருக்காதும்மா."

பலிகோவா சிரித்துவிட்டான். ககோயாவுக்கும் சிரிப்பு வந்தது. சிரித்தால் மூச்சு முட்டியது. அவன் எழுந்துபோய் அவள் முதுகைத் தடவிவிட்டான். பயிற்சி நடுவில் இருக்கையை விட்டு எழுந்ததற்காக அது செல்லாமல் போயிற்று.

அடுத்தது மூளைப் படம். அவனைக் குழாய் போன்ற ஒரு கருவிக்குள் படுக்கவைத்துக் கண்ணுக்கு நேரே படங்களைக் காட்டினார்கள். முதலில் ககோயாவின் படம். அப்புறம் ஒப்பீட்டுக்காக யாரோ ஒரு சினிமாக்காரி போன்ற பெண்ணின் படம். அப்புறம் ஒரு தட்டு சுட்ட ஆட்டிறைச்சி. முடிவுகளைப் பேராசிரியர் மாணவர்கள் சூழ நின்று விளக்கினார்.

"மனைவி படத்தைக் கண்டதும் எரிவது இந்த இடம். இது எச்சரிக்கைப் பகுதி. பாம்பைக் கண்டாலும் வரி அதிகாரியைக் கண்டாலும் இதுதான் எரியும். அந்நியப் பெண்ணைக் கண்டதும் இந்த இடம், ஓரளவு. ஆட்டிறைச்சியைக் கண்டதும் பாருங்கள்! இன்பப் பகுதி முழுக்கத் தீ. விஞ்ஞானத்தின்படி இவர் தம் சிறுநீரகத்தை ஓர் ஆட்டுக்குத் தரத் தகுதி பெற்றிருக்கிறார்."

மாணவர்கள் சிரித்தார்கள். பேராசிரியர் சிரிக்கவில்லை. அவர் வேடிக்கைக்காகச் சொல்லவில்லை.

"அய்யா, காலையிலிருந்து வெறும் வயித்துல இருக்கச் சொன்னீங்க" என்றான் பலிகோவா.

"பசியிலதான் உண்மை வெளிய வரும்."

இதற்குள் ககோயாவுக்கு நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டது. சின்ன டாக்டர் நிறுவனத்துக்கு ஓடிப் போய்க் கெஞ்சினான். அவனை உட்காரவைத்துத் தேநீர் கொடுத்து, அவன் இப்படிப் பதறுவது நோயாளியின் மேல் அவனுக்குள்ள காதலாக இருக்கலாம், சோதித்துக்கொள்கிறாயா என்று அன்போடு விசாரித்தார்கள். அவன் தேநீரை அப்படியே வைத்துவிட்டு வந்து, மேல்முறையீட்டுக்கு வழி இருக்கிறது என்று பலிகோவாவிடம் சொன்னான்.

மேல்முறையீட்டை விசாரித்தவர்கள் மூவர். நடுவில் பேராசிரியர், வலப்புறம் ஓய்வுபெற்ற நீதிபதி, இடப்புறம் ஒரு மூத்த மனநல நிபுணர், பெண். பலிகோவா கடன் வாங்கிய கோட்டைப் போட்டுக்கொண்டு போனான். கோட்டில் வேறொருவனின் வாசனை.

நிபுணர் கேட்டாள்: "பிள்ளை இல்ல. ரெண்டாவது கல்யாணமும் பண்ணிக்கல. சொந்தக்காரங்க சொல்லியிருப்பாங்களே?"

"சொன்னாங்க. பொண்ணுகூடப் பாத்தாங்க."

"பின்ன ஏன் இந்தம்மா கூடவே இருந்தீங்க?"

பலிகோவா யோசித்தான். யாரும் இதுவரை கேட்டதில்லை. "போகணும்னு தோணல."

"அதாவது காரணம் இல்லை" என்று நிபுணர் சொல்லிக்கொடுக்க, பக்கத்திலிருந்தவன் எழுதிக்கொண்டான்.

நீதிபதி காதுக் கருவியைத் திருகிக்கொண்டு குனிந்தார். "கிட்னி ஏன் குடுக்கணும்னு நினைக்கறீங்க? உள்ளது உள்ளபடி சொல்லுங்க."

"அவ போயிட்டா நான் யாரோட சண்டை போடுவேன் அய்யா? கடையில நாள் முழுக்க வாயை மூடிக்கிட்டு இறைச்சி சுட முடியுமா? எனக்கு அந்தச் சத்தம் வேணும்."

மூவரும் தலைகளைச் சேர்த்துக்கொண்டு நீண்ட நேரம் முணுமுணுத்தார்கள். பலிகோவாவுக்கு நம்பிக்கை வந்தது. சொன்னது நன்றாக இருந்தது போலும் என்று நினைத்தான். பேராசிரியர் தொண்டையைச் செருமிக்கொண்டு தீர்ப்பைச் சொன்னார்.

"மனுதாரர் தம் உறுப்புக்குப் பதிலாக மனைவியிடமிருந்து தொடர்ந்து சண்டையை எதிர்பார்க்கிறார். அது தமக்குத் தேவை என்றும், அதனால் கடை நடக்கிறது என்றும் அவரே ஒப்புக்கொள்கிறார். ஒன்றைக் கொடுத்து ஒன்றைப் பெறுவது வியாபாரம். உறுப்பு வியாபாரத்தைத் தடுக்கவே இந்த நிறுவனம் இருக்கிறது. மனு தள்ளுபடி செய்யப்படுகிறது. இத்தகைய நோக்கத்தோடு வந்தும் அவர்மீது போலீஸில் புகார் செய்யாமல் விடுவது எங்கள் கருணை."

நீதிபதி மட்டும் எழும்போது பலிகோவாவின் தோளைத் தட்டினார். "என் சம்சாரமும் ரொம்பப் பேசுவா. அவ போனப்பறம் வீடு நல்ல அமைதி. பழகிடும்."

பலிகோவா ஆஸ்பத்திரிக்குப் போய் ககோயாவின் கட்டிலோரம் உட்கார்ந்தான். அவளுக்கு மூக்கில் குழாய். கண்ணைத் திறந்து கோட்டைப் பார்த்தாள்.

"யார் கோட்டு?"

"கிட்னியக் கொடுக்கச் சொல்லிட்டாங்க" என்று பொய் சொன்னான். "சீக்கிரம் வெட்டுவாங்களாம்."

"உன் கிட்னி எனக்குள்ள வந்தா நானும் முட்டாளாயிடுவனா?"

"கொஞ்சம் ஆவ. உனக்கு அது நல்லதுதான்."

"ஆட்டுக் கொழுப்பு நாறும்."

"உன் வாய் நாத்தத்துக்கு அது பரவாயில்ல."

அவள் பதில் சொல்ல வாயைத் திறந்தாள். பதில் நல்ல பதிலாகத்தான் இருந்திருக்க வேண்டும்; கண்ணில் அந்த மின்னல் இருந்தது. இருமல் வந்து அதைத் தின்றுவிட்டது. பலிகோவா காத்திருந்தான். மறுநாள் மதியம் வரை அவள் உயிரோடு இருந்தாள். ஆனால் அந்தப் பதில் வரவேயில்லை.

வழக்கப்படி அவளை மரப்பட்டைத் துணியில் சுற்றி, சொந்த ஊர் கமுலியில் அவன் அப்பன் பாட்டன் புதைந்திருந்த வாழைத்தோட்டத்தில் புதைத்தார்கள். ககோயாவின் தம்பி வந்து எல்லோரையும்விட உரக்க அழுதான். பலிகோவா அழவில்லை. திரும்பி வந்து கடையைத் திறந்தான். ஈரல் கேட்டவனுக்குக் குடலைக் கொடுத்தான். யாரும் சண்டை போடவில்லை. துக்க வீடு என்று மரியாதையாகக் குடலையே தின்றுவிட்டுப் போனார்கள். அவனுக்குச் சோறு இறங்கவில்லை. படுத்தால் நெஞ்சு தடதடவென்று அடித்துக்கொண்டது. தெருவில் ஒரு பெண் யாரையோ திட்டும் குரல் கேட்டால் உடம்பு தூக்கிவாரிப் போட்டது. கத்தியைப் போட்டுவிட்டு வெளியே ஓடி வந்து பார்ப்பான்.

அந்த நிலையில்தான் மேடம் பிரிஸ்கா போன் செய்தாள். அதே மெல்லிய குரல்.

"உங்க கோப்பை முடிக்கணும் பலிகோவா. கடைசியா ஒரு அளவு எடுக்கணும்."

"அவ செத்துட்டா மேடம்."

"தெரியும். அதனாலதான் கடைசி அளவு."

வேறு வேலை இல்லாததால் போனான். ரத்தம் எடுத்தார்கள். குழாய்க்குள் படுக்கவைத்து ககோயாவின் படத்தைக் காட்டினார்கள். வெளியே கண்ணாடிக்கு அப்பால் யாரோ கத்துவது கேட்டது. பேராசிரியர் காலணிகூடப் போடாமல் ஓடிவந்தார்.

"வாங்க, எல்லாரும் வாங்க! இந்த மூளையைப் பாருங்க! எந்த இடம் எரியலைன்னு சொல்லுங்க பாப்போம்! பதினெட்டு வயசுப் பையனுக்கு இப்படி எரியாதே!" குழாய்க்குள்ளிருந்து பலிகோவாவைத் தாமே கையைப் பிடித்து வெளியே இழுத்தார். கண் கலங்கியிருந்தது. "வாழ்த்துக்கள் பலிகோவா. உங்களுக்குக் காதல் வந்துடுச்சு."

அவனைப் பெரிய கண்டுபிடிப்பு என்றார்கள். வற்றிய சாறு மறுபடி ஊறியதை உலகத்தில் யாரும் பார்த்ததில்லை. ஆண்டு மாநாட்டில் மேடை நடுவே ஒரு நாற்காலியில் அவனை உட்காரவைத்துத் தலையில் கம்பிகளைப் பொருத்தினார்கள். அவனுக்கு ஒருபுறம் பேராசிரியரும் மறுபுறம் புகழ்பெற்ற பாதிரியார் ஒருவரும் நின்று, காதல் மூளைச் சாறு மட்டும்தானா, அதற்கு மேல் ஏதாவதா என்று வாதாடினார்கள். அருமையான வாதம். இரண்டு பக்கமும் சளைக்கவில்லை.

"இந்தத் துயரம் ஆன்மாவின் குரல்" என்றார் பாதிரியார். "இதை எந்தக் குப்பியில் அடைப்பீர்கள்?"

"எத்தனை குப்பி வேண்டும்?" என்றார் பேராசிரியர். கைதட்டல்.

நடுவில் திரையில் ககோயாவின் முகம் தோன்றியது. பலிகோவாவின் கன்னத்தில் கண்ணீர் இறங்கிற்று. பாதிரியார் அதைச் சுட்டிக்காட்டி, "கடவுள்!" என்றார். பேராசிரியர் விரைந்து வந்து ஒரு சின்னக் குழாயில் அதைப் பிடித்துக்கொண்டு, "உப்பு!" என்றார். சபை எழுந்து நின்றது.

பின்வரிசையில் ஒரு மாணவி எழுந்து, "அவரையே கேட்டாலென்ன?" என்றாள்.

"ஆய்வுப் பொருளுக்குப் பேச அனுமதி இல்லை" என்றார் பேராசிரியர். பாதிரியாரும் அதற்கு உடன்பட்டார். வாதம் முழுவதிலும் இருவரும் ஒத்துப்போனது அந்த ஓர் இடத்தில்தான்.

கடைசியில் கை தூக்கச் சொல்லி வாக்கெடுத்தார்கள். காதல் மூளைச் சாறே, அதற்கு மேல் ஒன்றும் இல்லை என்று பெரும்பான்மையோர் முடிவு செய்தனர். பிறகு சமோசா வழங்கப்பட்டது. யாரோ ஒருவர் பலிகோவாவின் தலையிலிருந்த கம்பிகளைக் கழற்ற மறந்துபோனதால் அவனால் எழ முடியவில்லை. சமோசாவைக் கொண்டுவந்து மடியில் வைத்தார்கள்.

சான்றிதழைப் பிரிஸ்கா அலுவலகத்தில் வைத்துக் கொடுத்தாள். தங்க முத்திரை. இவர் தம் மனைவி ககோயாவை உண்மையாகக் காதலிக்கிறார், அவருக்குச் சிறுநீரகம் வழங்கலாம் என்று எழுதியிருந்தது.

"யாருக்குக் குடுக்கறது மேடம்?"

"பேர் போட்டிருக்கே. அந்தம்மாவுக்கு மட்டும்தான். வேற யாருக்கும் மாத்திக் குடுத்தா ஜெயில்." பிறகு ஆதரவாகச் சொன்னாள்: "கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவத்துல மாட்டிக்கங்க. நிறையப் பேருக்கு இது கிடைக்கறதில்ல."

வெளி நடையில் பெஞ்சு நிறைய ஆட்கள் காத்திருந்தார்கள். நடுத்தர வயதுப் பெண் ஒருத்தி அவன் கையிலிருந்த தங்க முத்திரையைப் பார்த்துவிட்டு எழுந்து வந்தாள். புதுப் புடவைபோல மடிப்புக் கலையாத கவுன். உதட்டில் பழக்கமில்லாத சாயம், பல்லிலும் கொஞ்சம் ஒட்டியிருந்தது.

"அண்ணே, கிடைச்சிடுச்சா? என் வீட்டுக்காரருக்கும் கிட்னிதாண்ணே போச்சு. ரெண்டு தடவை வந்துட்டேன். சாறு பத்தலைன்னு அனுப்பிடறாங்க. உங்களுக்கு எப்படிண்ணே வந்துச்சு? என்ன பண்ணீங்க?"

பலிகோவா அவளைப் பார்த்தான். பதில் தெரிந்த ஒரே மனிதன் அந்தக் கட்டடத்தில் அவன்தான்.

"வீட்டுல சண்டை போடுவீங்களாம்மா?"

"போடாம? தினமும்தான். ஆனா இங்க அதச் சொல்லக் கூடாதுன்னாங்க." அவள் சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "அவர் இப்ப எப்படி இருக்கறார்னு நெனச்சா நெஞ்சு அடைக்குது. ஆனா அது கணக்குல வராதாம். சொல்லுங்கண்ணே. நான் என்ன செய்யணும்?"

உள்ளிருந்து பிரிஸ்காவின் குரல் மெத்தென்று அவள் பேரைக் கூப்பிட்டது. "நமுதேபி!"

"இதோ!" என்றாள் அவள். போகாமல் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பல்லுல சாயம் ஒட்டியிருக்கு" என்றான் பலிகோவா.

அவள் நாக்கால் துடைத்துக்கொண்டு, காதலோடு சிரிக்க முயன்றபடி உள்ளே போனாள்.